ரேடியோ பெரியப்பாவைப் பெற்றவன் எழுதுவது

அன்பு மகனுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் விசாரிக்க வேண்டியதில்லை. காலையில் ஆட்டோவைக் கிளப்பி ரேடியோவைத் திருகினால் போதும். தொண்டை கட்டியிருக்கிறதா, சரியாகத் தூங்கினாயா, சாப்பிடாமல் வந்து உட்கார்ந்திருக்கிறாயா என்பதெல்லாம் நீ சொல்லும் முதல் வணக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். எங்கள் நலம்தான் உனக்கு எந்த அலைவரிசையிலும் வராது, அதனால் எழுதிவிடுகிறேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பாதி குறைந்திருக்கிறது, எப்படிக் குறைந்தது என்று பிறகு வருகிறேன். எனக்கு இருக்கும் வியாதி வாய். அது குறையாது. உன் தங்கச்சி கார்த்திகா நன்றாக இருக்கிறாள். அவள் கல்யாணப் பத்திரிகையோடு இந்தக் கடிதத்தையும் வைத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. யார் எடுத்துப் படித்தாலும் எனக்குச் சம்மதம். பத்தாம் வகுப்பில் தமிழில் மட்டும் தேறிய ஆள் எழுதுவதில் ஒளித்துவைக்க என்ன இருக்கப் போகிறது?

போனிலேயே பேசியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய். கோபத்தில் சொல்லவில்லை, அது உன் தொழில் பழக்கம். எதிராளி மூச்சு வாங்கும் இடத்தில் நீ உள்ளே நுழைந்துவிடுவாய். எனக்கோ இப்போது ஒரு வாக்கியத்துக்கு மூன்று இடத்தில் மூச்சு வாங்குகிறது. காகிதம்தான் என்னைப் போன்றவனுக்கு வசதி, நடுவில் விளம்பரம் வராது.

நீ ரேடியோவில் சேர்ந்த புதிதில் மத்தியான நேரத்தில்தான் உன்னைப் போட்டார்கள். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லி, கேட்ட பாட்டைப் போடும் வேலை. அப்போது உன் குரலைக் கேட்டால் சர்க்கரைப் பாகில் விழுந்த எறும்பு பேசுவதுபோல இருக்கும். கேட்டவர்கள் நானும் உன் அம்மாவும்தான். மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் பஸ் நிலையம் வரைக்கும் என் ஷேர் ஆட்டோவில் ஏறியவர்கள் எல்லாரும் வேறு வழியில்லாமல் கேட்டார்கள். பிறகு ஒருநாள் ஒரு கல்லூரிப் பெண் போன் போட்டாள். வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுச் சிநேகிதிகளோடு கொடைக்கானல் போகிறாளாம், வழிக்கு ஒரு பாட்டு வேண்டுமாம். நீ விளையாட்டுக்குத்தான் குரலை மாற்றினாய். "ஏ புள்ள, ஒனக்கு ஸ்பெஷல் கிளாஸு கொடைக்கானல்லயா நடக்குது? அங்கிட்டு ஒங்கப்பன் வெயில்ல காயிறான், நீ பனியில நனையப் போறியாக்கும்!" என்றாய். என் வண்டியில் அன்றைக்கு இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். ஊரே சிரித்திருக்கிறது. உங்கள் நிலையத்தில் போன் விடாமல் அடித்ததாம். அந்த மாதமே உனக்குக் காலை நேரம், 'சபைக்கு வாங்க' என்று நிகழ்ச்சிக்குப் பெயர், உனக்கு ரேடியோ பெரியப்பா என்று பட்டம்.

அந்தக் குரல் யாருடையது என்று ஊருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். என் அண்ணனுடையது, உன் சொந்தப் பெரியப்பாவுடையது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அவர் குரல் மட்டும் எஃப்.எம்.மில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதே என்று முதலில் எனக்கு ஒரே சந்தோஷம். கல்யாணம் ஆகாத உன்னை, தலை நரைத்த ஆட்களெல்லாம் "வணக்கம் பெரியப்பா" என்கிறார்கள். அப்படியானால் உன்னைப் பெற்ற நான் அவர்களுக்கு என்ன முறை? சிக்னலில் நிற்கும்போதெல்லாம் யோசித்துப் பார்க்கிறேன், இன்னும் பிடிபடவில்லை.

உன் நிகழ்ச்சியை யார் கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள் என்று உனக்குக் கணக்குக் காட்ட ஆபீசில் ஆள் இருப்பார்கள். நான் ஆட்டோக் கண்ணாடியில் பார்த்ததைச் சொல்கிறேன். கே.கே. நகரில் தினமும் ஏறும் ஒரு பெரியவர், வங்கியில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். நீ பேச ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் கேட்டே விட்டேன், "அம்புட்டு நல்லாவா இருக்கு சார்?" என்று. "நல்லாருக்கா இல்லையான்னு யாருய்யா பார்த்தா? என் வீட்டுல நான் வாயத் தொறந்தா டிவி சத்தத்தக் கூட்டுறாங்க. இந்தப் பய பேசுனா யாரும் கூட்ட மாட்டேங்கிறாங்க. அது போதும்" என்றார். அன்றைக்கு உன்மேல் எனக்கு ஒரு மதிப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதே வாரம் நர்சிங் படிக்கும் ஒரு பிள்ளை பாதி வழியில் முதுகில் தட்டியது. "அண்ணே, இந்தாள ஆஃப் பண்ணுங்க. இல்லாட்டி நிறுத்துங்க, நான் நடந்தே போயிக்கிறேன்." நான் ஆஃப் பண்ணினேன். உடனே பின்னாலிருந்து பூக்கார அம்மா சண்டைக்கு வந்துவிட்டது. "ஏய்யா, எங்க பெரியப்பா வைய்யிறதக் கேட்டாத்தான் எனக்குக் காப்பி குடிச்ச மாதிரி இருக்கும். அத ஏன்யா நிப்பாட்டுற?" நான் பெற்ற பிள்ளையை வண்டியில் வைத்துக்கொள்வதா இறக்கிவிடுவதா என்று இரண்டு பெண்கள் சண்டைபோட, நான் பேசாமல் கியரை மாற்றிக்கொண்டிருந்தேன். தகப்பன் என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து என்னை அடித்திருப்பார்கள்.

பிறகு அந்த ஸ்கூட்டி விவகாரம். "பொட்டப்பிள்ளைக்கு வண்டி வாங்கிக் குடுக்காதீங்க, வண்டி கைக்கு வந்தா வீடு கையவிட்டுப் போயிரும்" என்று நீ பேசினாயே, அடுத்த நாள் உங்கள் நிலையத்து வாசலில் பெண்பிள்ளைகள் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒரே நேரத்தில் ஹாரனை அமுக்கிக்கொண்டு நின்றார்கள். நீ உள்ளே மைக்கில், "கேளுங்க மக்களே, இதுதான் இன்னைக்கு வளர்ப்பு" என்று அந்தச் சத்தத்தையும் நிகழ்ச்சியாக்கிவிட்டாய். கெட்டிக்காரன்தான். நான் அந்த நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றேன். அந்தக் கூட்டத்தில் ஒரு ஹாரன் கொஞ்சம் தொண்டை கட்டினாற்போல் அடித்தது. எங்கேயோ கேட்ட சத்தமாக இருக்கிறதே என்று எட்டிப்பார்த்தால், நம் வீட்டு நீல வண்டி. உன் தங்கச்சி. அவளுக்கு வண்டி பழக்கியது யார்? கே.கே. நகர்ப் பூங்காத் தெருவில் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு, "விட மாட்டேன், ஓட்டு ஓட்டு" என்று கத்திக்கொண்டே ஓடியது நீதானே. சாயங்காலம் அவளிடம் கேட்டேன். "அண்ணனை எதுத்து நிக்கலப்பா. அந்தப் பெரியப்பாவைத்தான் எதுத்து நின்னேன்" என்றாள். எனக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது.

அப்போதுதான் உன்னை வேலை செய்யும் இடத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடி அறைக்கு வெளியே என்னை உட்காரவைத்தார்கள். உள்ளே சிவப்பு விளக்கு எரிய, நீ கோவிலுக்கு அரைக்கால் டவுசரோடு வரும் இளவட்டங்களைக் கிழிகிழி என்று கிழித்துக்கொண்டிருந்தாய். மேசைக்கு மேலே நெற்றியில் திருநீறு, அனல் பறக்கும் முகம். மேசைக்குக் கீழே பார்த்தேன், அரைக்கால் டவுசர். விளக்கு அணைந்து விளம்பரம் ஓடியதும் கதவைத் திறந்து, "அப்பா, சாம்பார்ல முருங்கைக்காய் போட்டுச்சா அம்மா?" என்று கேட்டாய். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் முகம். மறுபடி விளக்கு எரிந்ததும், "நாசமாப் போச்சுய்யா நாடு!" என்று ஆரம்பித்தாய். நான் சிரித்த சிரிப்பில் அங்கே இருந்த பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இறங்கும்போது உன்னிடம் கேட்டேன், "ஏப்பா, நீ பேசுறதெல்லாம் நெசமாவே ஒன் மனசுல இருக்கதா?" நீ சொன்னாய், "அது பெரியப்பா பேசுறதுப்பா. நான் பேசல." வீட்டுக்கு வந்து வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நான் ஆட்டோவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து வருகிறேன். நீ பெரியப்பாவை எங்கே நிறுத்திவிட்டு வருகிறாய்? அதற்கு ஸ்டாண்டு இருக்கிறதா?

இப்போது முழங்காலுக்கு வருகிறேன். உன் தங்கச்சி ரத்தப் பரிசோதனை வேலை பார்க்கும் கிளினிக்கில்தான் உன் அம்மாவை முழங்காலுக்குக் காட்டினோம். அங்கே பிசியோதெரபி பார்க்கும் பையன்தான் மாப்பிள்ளை. அவனுக்கும் அவளுக்கும் மனசு ஒத்துப்போயிருக்கிறது என்று எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் வந்து, "எம் முட்டிய இம்புட்டு மரியாதையாத் தொட்டுப் பாத்த பய, எம் மகளை மரியாதையாத்தான் வச்சிருப்பான்" என்றாள். எனக்கு வாக்கப்பட்டு இத்தனை வருஷத்தில் என் மரியாதையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பையனுக்கு ஊர் எழுமலைப் பக்கம். அவன் அப்பா அடுத்தவர் காட்டில் கூலிக்கு வேலை பார்த்து, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கியவர். அவர்கள் நம் ஆட்கள் இல்லை. அவர்கள் தெரு வேறு. இதற்குமேல் நான் எழுத வேண்டியதில்லை, நம் ஊரில் பிறந்த உனக்குத் தெரியும். நான் ஒன்றும் பெரிய சீர்திருத்தக்காரன் இல்லையப்பா. முதலில் கேட்டதும் எனக்கும் கூசியது. என் வண்டியில் யாரும் ஏறலாம், யார் பக்கத்திலும் யாரும் உட்காரலாம், அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தவன். வண்டி வேறு வீடு வேறு என்று உள்ளுக்குள் நானும் ஒரு திரை கட்டி வைத்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. இரண்டு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பிறகு பசித்தது, சாப்பிட்டேன். அதற்குமேல் பெரிய ஞானோதயம் எதுவும் வந்ததாகச் சொல்ல முடியாது.

எழுமலைக்குப் போனோம். வாசலில் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்காரவைத்தார்கள். சம்பந்தி ரொம்ப நேரம் மழையைப் பற்றியும் பருத்தியைப் பற்றியும் பேசினார். கிளம்பும்போதுதான், "அண்ணே, நம்ம ரேடியோவுல பேசுற பெரியப்பா மருமகளுக்கு அண்ணனாமே" என்றார். ஆமாம் என்றேன். "களையெடுக்கையில பொம்பளைக போன்ல ஓட விடுவாக. நானும் கேப்பேன்." பிறகு சொன்னார், "ஒருநா, எந்தத் தெருவுல பொண்ணெடுக்கோம், எந்தத் தெருவுக்குப் பொண்ணு குடுக்கோம்னு பாக்க வேணாமான்னு பேசுனாரு. அன்னைக்கும் ஓடுச்சு." நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அந்த மனுசனே தொடர்ந்தார். "பேசிட்டுப் போறாருண்ணே. கேட்டுட்டு நாங்க களையெடுத்தோம். கல்யாணத்துக்கு வந்துருவாருல்ல? எங்கூர்ப் பொம்பளைக அவரு மொகத்தப் பாக்கணும்னு கெடந்து தவிக்காளுக." அவர் குத்திக்காட்டினாரா, மெய்யாகவே கேட்டாரா என்று வருகிற வழியெல்லாம் உன் அம்மாவைக் கேட்டேன். "ரெண்டுந்தான். கல்யாண வேலையப் பாருங்க" என்றாள்.

நீ வீட்டுக்கு வந்தது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கறியைச் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு சொன்னாய், "வாரேம்ப்பா. ஆனா முன்னால வந்து நிக்க மாட்டேன். சமையக்கட்டு வழியா வந்து, பாத்துட்டுப் போயிர்றேன். போட்டோவுல நிக்க மாட்டேன். ஒரு போட்டோ வெளிய போச்சுன்னா பெரியப்பா காலி. நான் கட்டுனது அம்புட்டும் போயிரும்." உன் தங்கச்சி தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள், "அப்ப மாப்பிள்ளையக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வரப்போறது யாரு?" நம் வழக்கத்தில் பெண்ணின் அண்ணன்தானே மாப்பிள்ளையை மணவறைக்கு அழைத்து வரவேண்டும். நீ, "சித்தப்பா மகன் எவனாச்சும் கூட்டிட்டு வரட்டுமே" என்றாய். "எவனாச்சும் கூட்டிட்டு வர்றதுக்கு அது என்ன ஆட்டுக்குட்டியா?" என்றாள் அவள். நீ சிரித்திருக்க வேண்டிய இடம் அது. சிரிக்கவில்லை. "போட்டோவுல நிக்க முடியாத அண்ணன் எனக்கு வேணாம். போயி நல்லா நாலு பேர வையி" என்று உள்ளே போய்விட்டாள். நீ வண்டியை எடுத்துக்கொண்டு போனாய். நான் நடுவில் சொம்போடு நின்றேன்.

இதற்குப் பிறகு நான் செய்ததைக் கேட்டால் நீ சிரிப்பாய், அல்லது உனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். எது என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பக்கம். என்னைப் போல ஒரு தகப்பன் போன் போட்டால் பெரியப்பா என்ன பதில் சொல்வார் என்று எனக்கு ஒரு அரிப்பு. என் நம்பர் உனக்குத் தெரியும் என்பதால் என்னோடு ஸ்டாண்டில் ஆட்டோ போடும் சிக்கந்தரிடம் போனைக் கேட்டேன். "யோவ் மாமா, பெத்த மகன்கிட்ட பேசுறதுக்கு அடுத்தவன் போனா? நல்லாருக்குய்யா ஒங்க குடும்பம்" என்றுதான் கொடுத்தான். குரலை மாற்ற வாயில் ஒரு கொட்டைப்பாக்கை அடக்கிக்கொண்டேன். உங்கள் ஆபீஸ் பெண்தான் முதலில் எடுத்தாள், தங்கமான பிள்ளை. "ஐயா, என்ன பிரச்சினை? மக ஓடிப்போயிருச்சா?" என்று கேட்டாள். "ஓடலம்மா. வீட்டுல உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கு" என்றேன். "அப்ப எதிர்த்துப் பேசுதா, அடம் பிடிக்குதா?" "இல்லம்மா, சம்மதம் கேட்டுச்சு, நானும் குடுத்துட்டேன்." அவள் பக்கத்தில் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள். "ஐயா, அப்படின்னா நிகழ்ச்சிக்குச் சரிப்படாதே. நீங்க கொஞ்சம் கோவப்படணும், முடிஞ்சா லேசா அழுதீங்கன்னாலும் போதும்" என்றாள். அப்போதுதான் எனக்கு உன் தொழில் விளங்கியது. தினமும் காலையில் நான் கேட்ட தகப்பன்மார் பாதிப்பேர் காப்பி குடிக்கும் மகளை வீட்டில் வைத்துக்கொண்டுதான் அழுதிருக்கிறார்கள் போல. சரி என்று, "கோவப்படுறேன் தாயி, லைனைக் குடு" என்றேன்.

நீ லைனில் வந்தாய். "சொல்லுங்க பெரியவரே, சபையில என்ன வைக்கிறீங்க?" என்றாய். நான் எழுமலை தங்கராசு என்று சொல்லிக்கொண்டேன். மகள் தானே பார்த்த பையன், நல்ல பையன், கல்யாணம் வைத்துவிட்டோம் என்றேன். நீ சவுக்கை எடுத்துவிட்டாய், எனக்குத் தெரிந்தது. அதற்குள் நான் சொல்லிவிட்டேன், "மகளைப் பத்தி எனக்குக் கொறை இல்ல பெரியப்பா. மகனைப் பத்தித்தான். தங்கச்சி கல்யாணத்துக்கு வாரேங்கிறான், ஆனா போட்டோவுல நிக்க மாட்டேங்கிறான். அவனை என்ன செய்யிறது?"

உன் நிகழ்ச்சியில் சத்தமில்லாமல் போனதை நான் அதுவரை கேட்டதில்லை. சிக்கந்தர் தன் வண்டி ரேடியோ கெட்டுவிட்டதோ என்று ஓங்கித் தட்டினான். பிறகு நீ பேசினாய், ஆனால் அது பெரியப்பா இல்லை. "ஏன்னு கேட்டீங்களா அவர்கிட்ட?" என்றாய். "கேக்கலை தம்பி. அவன் பெரிய ஆளாயிட்டான். எனக்குக் கேக்க வாய் வரல" என்றேன். "கேளுங்க. கேட்டாத்தான் தெரியும்" என்றாய். உடனே நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டது. விளம்பரம் முடிந்து வந்தபோது பழையபடி யாரோ ஒருவன் நாய்க்குப் பிறந்தநாள் கேக் வெட்டியதைப் பிடித்து விளாசிக்கொண்டிருந்தாய்.

ஊருக்கெல்லாம் யோசனை சொல்லும் ஆள் எனக்கும் ஒன்று சொல்லிவிட்டார், மீறக்கூடாது. அதனால் கேட்கிறேன். ஏன்? புத்தி சொல்லவோ குற்றம் கண்டுபிடிக்கவோ கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டும். எழுமலைக்காரர் பக்கத்தில் நிற்க உனக்கு உடம்பு கூசுகிறதா? அப்படியென்றால் அதையாவது சொல், எனக்கும் கூசியது, பேசிக்கொள்ளலாம். அல்லது உனக்கு அப்படி ஒன்றும் இல்லை, பெரியப்பாவுக்குத்தான் கூசுகிறதா? அப்படியானால் பெரியப்பா உன்னிடம் வேலை பார்க்கிறாரா, நீ அவரிடம் வேலை பார்க்கிறாயா? அந்த வங்கிக்காரரும் பூக்கார அம்மாவும் உன்னை விட்டுப் போய்விடுவார்கள் என்று பயமா? போவார்கள்தான், சிலபேர் கண்டிப்பாகப் போவார்கள். பொய்யாகத் தைரியம் சொல்ல எனக்கு வரவில்லை. நிலையத்திலும் முகம் சுளிப்பார்கள். மத்தியான நேரத்துக்கே திரும்பத் தள்ளினாலும் தள்ளுவார்கள். நீ கட்டியது போய்விடும் என்று சொன்னது வெறும் சாக்கு இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று உன்னோடு பேசியாக வேண்டும். நீ யார் குரலை எடுத்துக்கொண்டாயோ, அந்த ஆளைப் பற்றி. என் அண்ணன் வையாத கல்யாணம் நம் வகையறாவில் உண்டா? நம் அத்தை மகள் தானே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு போனபோது, தெருமுனையில் நின்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "அந்த வீட்டு வாசப்படிய மிதிச்சா நான் மனுசனே இல்ல" என்றார். விடிந்தால் அந்த வீட்டுப் பந்தியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு நிற்கிறார். வைதுகொண்டேதான் ஊற்றினார். "தின்னுங்கடா, மானங்கெட்ட பயலுகளா, இன்னும் ஒரு கரண்டி வாங்கு" என்று ஊற்றினார். "ஏண்ணே, நேத்து வரமாட்டேன்னீங்க?" என்று நான் கேட்டதற்கு, "வஞ்சது நேத்து. இன்னைக்குக் கல்யாணம்டா" என்றார். அவர் பேசியதில் பாதி எனக்கு ஒப்பாது. இன்றைக்கும் ஒப்பாது. ஆனால் அவர் வைதவர்கள் யாரும் அவர் செத்த அன்றைக்கு வராமல் இருக்கவில்லை. நீ அவர் வசவை மட்டும் எடுத்துக்கொண்டு போனாய், வாளியை இங்கேயே விட்டுவிட்டாய். அதை மட்டும்தான் நான் குறையாகச் சொல்லுவேன்.

கல்யாணம் ஆவணி முகூர்த்தத்தில், அழகர்கோவில் ரோட்டு மண்டபத்தில், நேரமெல்லாம் பத்திரிகையில் இருக்கிறது. உன் பிழைப்புப் போகக்கூடாது என்றும் எனக்கு ஆசை, நீ முன்னால் வந்து நிற்க வேண்டும் என்றும் எனக்கு ஆசை. இதனால் போன வாரம் ஒரு காரியம் செய்யப் பார்த்தேன். போட்டோக்காரரைத் தனியே கூப்பிட்டு, மாப்பிள்ளை அழைப்பின்போது மட்டும் காமிராவைக் கீழே வைக்க முடியுமா என்று கேட்டேன். உன் தங்கச்சி கேட்டுவிட்டாள். கத்தவில்லை. "அப்பா, என் கல்யாணத்தையும் சமையக்கட்டு வழியா நடத்திருவமா?" என்று மட்டும் கேட்டாள். மண்டபத்தின் பின்வாசலை அன்றைக்குப் பூட்டிவைக்கச் சொல்லிவிட்டேன். சாவியை அவளிடமே கொடுத்துவிட்டேன். என்னிடம் இருந்தால் உனக்குத் திறந்துவிட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை ரோட்டோரப் பிள்ளையார் கோவிலில் வந்து உட்கார்ந்திருப்பார். நீ வந்தால் நீ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவாய். வரவில்லையென்றால் உன் தங்கச்சி தானே இறங்கிப் போய்க் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்வாள். அதற்கும் மேளம் உண்டு, போட்டோவும் உண்டு, உன் அம்மா அழுவதும் உண்டு. எழுமலைக்காரர்கள் தப்பாக நினைக்கமாட்டார்கள், கேட்டுவிட்டேன். எந்தக் கை அவரைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் நான் பக்கத்தில் நடந்து வருவேன்.

அது உன் கையாக இருந்தால், கோவிலிலிருந்து மேடை வரைக்கும் நீ சும்மா வரமாட்டாய், அவரிடம் ஏதாவது பேசுவாய், பேசாமல் இருக்க உன்னால் முடியாது. மேளச் சத்தத்தில் வேறு யாருக்கும் அது கேட்காது. என்ன சொல்வாய் என்று நானும் ஆட்டோ ஓட்டிக்கொண்டே ஆயிரம் விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை. உன் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு வரப்போகிறேன்.

உன் அப்பா